கீழ்வீட்டுப் பேக்கார்ட்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நூர் முகமது வீடு எது என்று கேட்டால், எந்த நூர் முகமது என்பார்கள். கார் விற்கிற நூர் பாய் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறு பேச்சில்லாமல் கொண்டுவந்து விடுவார். பத்தொன்பது வருடமாக அவர் கார் விற்றார். ஒரே காரை.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ‘நன்கு பராமரிக்கப்பட்ட 1951 பேக்கார்ட், அமெரிக்கன் சொகுசுக் கார், விற்பனைக்கு’ என்று முதன்முதலில் டைப் அடித்துக் கடைக் கதவில் ஒட்டியவன் நான். பிறகு பேப்பருக்கு அனுப்பியவன் நான். அதற்கும் பிறகு போட்டோவோடு இணையத்தில் போட்டவனும் நானே. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து ‘நன்கு’ என்பதை ‘மிக நன்கு’ என்று மாற்றச் சொல்வார். விலையை வருடா வருடம் ஏற்றுவார். விலைவாசி ஏறுகிறதே, காருக்கு மட்டும் ஏறக்கூடாதா என்பது அவர் வாதம். வாங்க ஆள் இல்லாத பொருளுக்கு விலை ஏற்றிக்கொண்டே போவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

உண்மையில் அவர் தொழில் பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சை அடித்து உறைக்குள் திணித்து, கோணி ஊசியால் அவர் தைத்தால் மெத்தை இருபது வருடம் மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கும். ஒரு தடவை வாங்கியவர்கள் மறுபடியும் வராததற்கு அதுதான் காரணம் என்று பெருமையும் வருத்தமுமாகச் சொல்வார். ஆனால் என்னிடம் அவர் அடித்துக்கொண்ட விசிட்டிங் கார்டில் மெத்தை என்ற சொல்லே கிடையாது. பெயர், போன் நம்பர், காரின் படம், அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்றில் அவலூர்பேட்டை ரைஸ்மில்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மெத்தை கொண்டுபோன இடத்தில்தான் அந்தக் காரை அவர் பார்த்தார். புதுச்சேரியை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மில்காரரின் தகப்பனார் வாங்கியது. கரும்பச்சை நிறம், பதினெட்டு அடி நீளம், மூக்கின் நுனியில் இறக்கை விரித்த ஒரு வெள்ளிப் பறவை. அது அன்னமா, கொக்கா, நீர்க்காகமா என்று இந்தத் தெருவில் பல வருடம் பேசியிருக்கிறோம். நூர் பாய் யாரையும் மறுத்ததில்லை. வருகிறவர்கள் எந்தப் பறவையைச் சொன்னாலும், ‘அதேதான், கரெக்டா சொல்லிட்டீங்க’ என்பார்.

வல்லத்தில் அவர் மனைவி அசீசுன்னிசாவுக்கு அவரைப் பெற்ற அத்தா எழுதிக்கொடுத்த இரண்டு ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. கார் வந்தது, கொல்லை போனது.

கல்யாண வாடகைக்கு விட்டுப் பணத்தை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை ஆன முக்கால்வாசிப் பேர் அந்தக் காரில்தான் மாப்பிள்ளை ஆனார்கள். நான் உட்பட. இந்துவோ முஸ்லிமோ மேல்சித்தாமூர் ஜைனர்களோ, பின் சீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஊர்வலத்தில் எவனோ விட்ட ராக்கெட்டின் பொறி காரின் கூரைமேல் விழுந்தது. மிளகு அளவுக்குப் பெயிண்ட் கருகிவிட்டது. நூர் பாய் மாப்பிள்ளையை நடுத்தெருவில் இறக்கி நடக்கவிட்டுக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் காலை என் கடைக்கு வந்தார்.

“அரி, இனிமே வாடக இல்ல. வெலைக்கு மட்டும்தான். டைப் அடி.”

அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் காரைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. கார் வாங்கின மறு வருடமே அவர் ஓட்டு வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டினார். மனை சின்னது. கீழ்த்தளம் முழுக்கக் காருக்கு. மொசைக் தரை, இரண்டு ஃபேன், புகை போக ஒரு எக்ஸாஸ்ட், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். படுக்கும் அறை, சமையலறை, கக்கூஸ் எல்லாம் மேலே, செஞ்சி மலைகள் மூன்றும் சேர்ந்து அனுப்புகிற வெக்கைக்கு நேராக. மாடிப்படிக்கு மேஸ்திரி பதினெட்டு படி கேட்டார். அப்படிக் கட்டினால் காரின் பின்பக்கம் இடிக்கும் என்று நூர் பாய் சண்டை போட்டு அதைப் பதினொன்றாக்கினார். படி ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு அடி உயரம். ராஜகிரிக் கோட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்காவது மேலே போனால் காற்று வரும்.

கார் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. சென்னை, வேலூர், ஒருமுறை கோயம்புத்தூர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நூர் பாய் போர்வையை மெதுவாக விலக்குவார். பிறகு படிப்பக்கம் திரும்பி, “அசீசா, டீ” என்று ஒரு குரல். மேலிருந்து தட்டு இறங்கும். வந்தவர்கள் இன்னும் இருந்தால் இன்னொரு தடவை இறங்கும். நானும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அந்தப் படியில் இறங்கிய டீயில் பாதி நான் குடித்தது. அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

டீ குடித்து முடிப்பதற்குள் வந்தவரிடம் அவர் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவார். ஒருவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டார், தொலைந்தார். ஒருவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். கதவை ஓங்கிச் சாத்தினார் ஒருவர். சினிமாக் கம்பெனி ஆள் ஒருவர், மலையிலிருந்து உருட்டிவிடுகிற ஒரு காட்சிக்கு வேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரைத் தெருமுனைவரை துரத்தினார்.

“பொண்ணு குடுக்கறதுக்கு ஆள் பாக்குற மாதிரி பாக்கணும் அரி” என்பார்.

ஆனால் சொந்தப் பெண் சனோபரை ஆரணியில் கொடுக்கும்போது மாப்பிள்ளையை இருபது நிமிடம்தான் பார்த்தார். அன்றைக்குக் காருக்கு பேட்டரி மாற்ற ஆள் வந்திருந்தான்.

பாயம்மா அசீசுன்னிசாவுக்கு முட்டி வலி வந்து பத்து வருடம் ஆகிறது. முதலில் தைலம், பிறகு மாத்திரை, பிறகு ஊசி. போன வருடம் திண்டிவனத்து டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, படி ஏறக்கூடாது, கீழ்வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். கீழ்வீட்டில் ஏற்கெனவே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. நூர் பாய் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. ஆட்டோவில் திரும்பும்போதே, “இந்த மாசம் கார வித்துடறேன், நீ கீழ வந்துடு” என்று சத்தியம் செய்தாராம். ‘மிக மிக நன்கு’ என்று மாற்றி விளம்பரம் போடச் சொன்னார். அந்த மாதம் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் பாயம்மாதான் டீ கொண்டுவந்தார், ஒரு கை சுவரில், ஒரு கை தட்டில்.

போன ஆவணியில் சுமலதா வந்தார். சென்னையில் பல் டாக்டர், நாற்பத்தைந்து வயது இருக்கும், தானே ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பழைய கார் இருக்கிறதாம். சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். காரைத் தொடவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்தார். டார்ச் அடித்துக்கொண்டு மொசைக் தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நூர் பாய் குறை தேடித் தேடி அலுத்துவிட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல் விலையைச் சொன்னார்.

“முப்பது லட்சம்மா.”

“சரி சார்” என்றார் சுமலதா. “அட்வான்ஸ் இப்பவே அனுப்பட்டுமா?”

சாத்தியிருக்கிறது என்று நினைத்துக் கதவைத் தோளால் தள்ளினவர் திறந்த வாசலுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது நூர் பாய்க்கு. பிறகு, வீட்டில் கலந்து யோசித்துச் சொல்கிறேன் என்று அந்த அம்மாவை அனுப்பிவைத்தார். வீட்டில் கலந்து அவர் எதையும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பக்கத்தில் கத்திரிக்காய் ஆனாலும் கறவை மாடு ஆனாலும் முதலில் சொல்கிற விலை விலையே இல்லை. வாங்க, உட்கார்ந்து பேசலாம் என்பதற்கு அது ஒரு மரியாதை. வாங்குகிறவர் பாதி சொல்லவேண்டும். விற்கிறவர் சிரிக்கவேண்டும். வாங்குகிறவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகவேண்டும், விற்கிறவர் கூப்பிடவேண்டும். இரண்டு பேரும் களைத்துப்போய் நிற்கிற இடம்தான் விலை. அதை ஒரே சொல்லில் முடிப்பவர் ஒன்று ஏமாளி, இல்லை நம்மை ஏமாளி ஆக்க வந்தவர்.

“கேட்டத அப்படியே குடுக்கறாங்கன்னா இன்னா அர்த்தம் அரி? வண்டிக்குள்ள இன்னாவோ இருக்குது. நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது.”

“பாய், அவங்களுக்குக் கார் புடிச்சிருக்குது. அவ்ளோதான்.”

“உனுக்கு வெவரம் போதாது. பிரெஞ்சுக்காரன் வண்டி. தங்கத்தக் கிங்கத்த வெச்சி அடைச்சிருப்பான்.”

ஐந்து நாள் மெத்தைக் கடையைத் திறக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ஈ உட்கார விடாமல் காத்த காரின் சீட்டுகளைத் தானே கழற்றினார். கதவுத் தகட்டைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். டார்ச் பிடிக்க மேலிருந்து பாயம்மாவைக் கூப்பிட்டார். கிடைத்தது ஒரு கொண்டை ஊசியும், ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ போட்ட அட்சதை நாலைந்து அரிசியும். அதற்கும் அவர் சமாதானம் ஆகவில்லை. அப்படியானால் முப்பது லட்சம் என்பது ரொம்பக் குறைவு, விலை தெரிந்தவள் சிரித்துக்கொண்டே அமுக்கப் பார்க்கிறாள் என்று கட்சி மாறினார். சுமலதாவின் போனை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தார்.

ஆறாம் நாள் மதியம் அவர் லுஹர் தொழுகைக்குப் போன நேரம், பாயம்மா என் கடைக்கு வந்தார். தெருவைத் தாண்டி வர அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஸ்டூலைப் போட்டேன்.

“தம்பி, அந்த டாக்டரம்மா நம்பர் போடு.”

“பாய்க்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு எறங்கி வரேன்?”

போட்டுக் கொடுத்தேன். போனைக் காதில் வைத்துக்கொள்ளாமல் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார், அதனால் எல்லாமே எனக்குக் கேட்டது.

“கண்ணு, கார் வூட்டம்மா பேசறேன். உனுக்கு கார் வேணுமா வேணாமா?”

“வேணும்மா. சார்தான் போனே எடுக்கல. நான் எதாவது தப்பா பேசிட்டேனா?”

“நீ பேசவே இல்லியேம்மா, அதான் தப்பு. கேட்ட வெலய அப்படியே ஒத்துக்கினா அவரு எப்படிக் குடுப்பாரு? நேர்ல வா. பாதி வெல சொல்லு.”

“பாதியா? முப்பது நியாயமான விலைதாம்மா.”

“நியாயம்னு மட்டும் அவரு எதிர்ல சொல்லிடாத. கொற சொல்லு.”

“குறையே இல்லையேம்மா.”

“மேல கூரையில மொளகு அளவு பொறி பட்ட எடம் இருக்குது. அத்தச் சொல்லு. டயர் பழசுன்னு சொல்லு. ஒத்து வரலன்னா எழுந்து போ. ஆனா டீக்கடை வரைக்கும்தான் போவணும். மெள்ளப் போ. வண்டியில ஏறிடாத. கூப்புடுவாரு.”

அந்தப் பக்கம் சுமலதா சிரிப்பது கேட்டது. பாயம்மா சிரிக்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷமா அது கீழ படுத்துனு இருக்குது தம்பி. அதுக்கு ஃபேன் ஓடுது. நான் மேல வெந்துனு கெடக்கறேன். ஒரு நாளாச்சும் அந்தத் தரையில நான் படுக்கணும். எனுக்கு வெல முக்கியம் இல்ல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை விளம்பரம் டைப் அடித்தவன் நான், அத்தனை டீ குடித்தவன் நான். கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். மேலே ஏறும்போது அவர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு சுமலதா வந்தார். சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தார். “சார், யோசிச்சுப் பாத்தேன். பதினஞ்சுதான் முடியும்.”

நூர் பாய் நிமிர்ந்தார். அத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “பதினஞ்சா? அரி, கேட்டியா? பதினஞ்சுக்கு இந்தப் பறவை வராதும்மா” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு இரண்டு பேருக்கும் சூடு பிடித்துக்கொண்டது. கூரையில் பொறி பட்ட இடத்தைச் சுமலதா காட்டினார். அது திருஷ்டிப் பொட்டு, அதற்குத் தனியாகக் காசு கேட்கவேண்டும் என்றார் நூர் பாய். டயர் பழசு என்றார் அவர். பழைய காருக்குப் புது டயர் போடுகிறவன் மனிதனா என்றார் இவர். சுமலதா பதினெட்டு, இருபது, இருபத்தொன்று என்று ஏறினார், நூர் பாய் இருபத்தெட்டுக்கு இறங்கினார். இருபத்தேழில் நூர் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுமலதா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

மெதுவாகத்தான் போனார். ஆனால் நூர் பாய் கூப்பிடவில்லை. மோவாயைத் தூக்கிக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாசலுக்கும் அவருக்குமாகப் பார்த்தேன். மாடிப்படியின் தலைப்பில் பாயம்மாவின் பாதம் மட்டும் தெரிந்தது. சுமலதா டீக்கடைக்குப் போய்விட்டார். ஒரு டீ வாங்கினார். அதைக் குடித்தும் முடித்துவிட்டார். மேலே அந்தப் பாதம் ஒரு படி இறங்கியது, இன்னொரு படி இறங்கியது. பாயம்மா வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும், கார் இன்னும் பத்தொன்பது வருடம் கீழேயே படுத்திருக்கும். நான் மனசுக்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டேன். டீக்கடையில் சுமலதா கார்ச் சாவியை வெளியே எடுத்தார்.

“போய்க் கூப்புடு அரி” என்றார் நூர் பாய். “பேசத் தெரிஞ்சவங்க. வுடக்கூடாது.”

நான் ஓடின ஓட்டத்தில் செருப்பு ஒன்று தெருவிலேயே கழன்று கிடந்தது. இருபத்தாறுக்கு முடிந்தது. கையில் வந்த முப்பதை விட்டுவிட்டு இருபத்தாறுக்கு விற்ற அந்த வெற்றியை ஒரு மாதம் பஜார் முழுக்க அவர் சொல்லித் தீர்த்தார். பதினைந்தில் வந்து நின்றவளை இருபத்தாறுவரை தூக்கினேன் என்பார். நான் தலையாட்டினேன். கூட இருந்து தலையாட்டிய பழக்கம் எனக்கு நிறைய உண்டு.

கார் போன அன்று பெரிய லாரி ஒன்று வந்தது. ரோட்டை மேலே மேலே போட்டு வாசல் பள்ளமாகிக் கிடந்ததால் பலகை அடுக்கித்தான் காரை ஏற்றினார்கள். தெரு முழுக்க நின்று பார்த்தது. நூர் பாய் அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என் கல்யாணக் காரும் அதுதான். லாரி தெருமுனை திரும்புவதற்குள் பாயம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பினாயில் ஊற்றி அந்த மொசைக் தரையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். சாயங்காலமே அவர் கட்டிலும், நூர் பாய் தைத்த மெத்தையும் கீழே வந்தன.

கீழே ஒரு கக்கூஸ் மட்டும் உடனே கட்டியாயிற்று. சமையலறையைக் கீழே கொண்டுவர மேஸ்திரி மழை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை பாயம்மா காலையில் ஒரே ஒரு தடவை ஏறி, இரண்டு வேளைக்கும் சமைத்து இறக்கிவைத்துக்கொள்வார். அதற்கப்புறம் மறுநாள் காலைதான் ஏறுவார்.

இரண்டு வாரம் கழித்து அவலூர்பேட்டையிலிருந்து இரண்டு பேர் கார் பார்க்க வந்தார்கள். இணையத்திலிருந்து விளம்பரத்தை எடுக்க நான் மறந்திருந்தேன். நானும் வழக்கம்போல ஓடிப்போய் நின்றேன். நூர் பாய்க்கு ஒரே சந்தோஷம். உள்ளே அழைத்து, கட்டில் ஓரம் நிற்கவைத்து, பறவை இருந்த இடம் இது, பின் சீட்டு இந்த ஜன்னல்வரை என்று நடந்து நடந்து காட்டினார். பதினைந்திலிருந்து இருபத்தாறுவரை தூக்கின கதையையும் ஆரம்பித்தார். பாதியில், பழக்கத்தில், மாடிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“அசீசா, டீ.”

“நான் இங்கதான் இருக்கறேன்” என்றார் பாயம்மா கட்டிலிலிருந்து. பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “அடுப்பு மேல இருக்குது.”

வந்தவர்கள் பரவாயில்லை என்றார்கள். நூர் பாயா விடுவார்? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மேலே பாத்திரம் உருள்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. தட்டோடு இறங்கும்போது நாலாவது படியில் நின்றுவிட்டார். ஒரு கை சுவரில், ஒரு கை தட்டில். பாதி டீ தட்டில் கொட்டியிருந்தது. கீழே வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கியது.

“எவன் அரி இந்தப் படிய இவ்ளோ ஒசரமா கட்டினது?”

நான் தரையைப் பார்த்தேன். பாயம்மா இன்னொரு பூண்டை உரித்தார். அவலூர்பேட்டைக்காரர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்தார்கள், நான் ஒன்று எடுத்தேன், அவர் ஒன்று எடுத்தார். தட்டு காலியாயிற்று. பாயம்மா பூண்டு முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“எனுக்கு?” என்றார்.

நூர் பாய் டம்ளரைக் கீழே வைத்தார். படியைப் பார்த்தார். பிறகு காலித் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏற ஆரம்பித்தார்.